ஒரு மாதம் முந்திச் சுட்ட பூரிம் பலகாரம்

பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பை கிராமம். அங்கே ஏரியைத் தாண்டி ஒரு செம்மண் பாதை போகும். அதன் கடைசியில் ஒரு மூங்கில் கேட். அன்று காலை பத்து மணிக்கு அந்தக் கேட்டில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு வெளியே எங்கள் லோடு ஆட்டோ. அதில் வெள்ளைத் துணி போர்த்தி அடுக்கிய டிரேக்கள். டிரேக்களில் நானூறு முக்கோணப் பலகாரம், இன்னும் சூடு முழுதாக ஆறாமல். ஆட்டோவுக்கு முன்னால் நான், பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக.

பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரம்மா தேடுற?"

"ரூத்தம்மாவத்தான். இன்னிக்கு அவங்க பண்டிகை ஆச்சே, பலகாரம் கொண்டாந்திருக்கோம்."

"பண்டிகையா? அது அடுத்த மாசம்னு சொல்லிக்கினு போச்சே! அது ஊர்லயே இல்லம்மா. தங்கச்சி பொண்ணு பிரசவத்துக்குன்னு அவங்க தேசத்துக்குப் போயிருக்குது."

திரும்பி என் கணவர் சேகரைப் பார்த்தேன். அவர் டிரேக்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. நான்கு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டுப் பண்டிகைகள்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி போன வாரம் கேட்டிருந்தார்: "பேக்கரிக்காரர்கள் வீட்டில் பண்டிகைக்குப் பலகாரம் செய்வீர்களா, இல்லை, கடையில் இருப்பதையே எடுத்து வைத்துவிடுவீர்களா?"

நல்ல கேள்வி. கொஞ்சம் குறும்பான கேள்வியும்கூட. அம்மணி, எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அதிரசம் உண்டு. விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை உண்டு. பூரிமுக்குக் 'காது' என்கிற முக்கோணப் பலகாரமும் உண்டு. மூன்றும் எங்கள் கையால்தான்.

பூரிம் யூதர்களின் பண்டிகை. நாங்கள் யூதர்கள் இல்லை. திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கிற, குலதெய்வத்துக்கு ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றுகிற குடும்பம். ஆனாலும் பூரிம் வந்தால் வீடே உட்கார்ந்துவிடும். ஒருவர் மாவு தேய்க்க, ஒருவர் டம்ளரால் வட்டம் வெட்ட, ஒருவர் பூரணம் வைக்க, மடிப்பு மட்டும் நான். இப்போது என் மகளும் மடிக்கிறாள். கல்லூரி விடுதியிலிருந்து அதற்கென்றே லீவு போட்டுவிட்டு வருகிறாள். என்ன காரணம் எழுதிக் கொடுப்பாள் என்று நான் கேட்டதில்லை.

சொந்தக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே போன் போட்டு, "இந்த வருசம் காது எப்போ?" என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

பஞ்சர் ஆன மொபெட்

ரூத் அம்மா எங்கள் கடைக்கு வந்தது பலகாரம் தேடி இல்லை. அவருடைய மொபெட் எங்கள் வாசலில் பஞ்சர் ஆனது, அவ்வளவுதான்.

அவர் இரும்பையில் குடியேறி அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. மரத்தில் குழந்தைகளுக்குப் பொம்மை செய்கிறவர். வெள்ளை முடி, பெரிய கை, விரலெல்லாம் உளி பட்ட தழும்பு. தமிழை அக்கம்பக்கத்துப் பெண்களிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தார். அதனால் வாயைத் திறந்தால் எங்கள் ஊர்க்காரி மாதிரிதான் பேசுவார்.

மாலை நான்கு மணி. தில்பசந்த் டிரே அப்போதுதான் வெளியே வந்திருந்தது. வட்டமாகச் சுட்டு, முக்கோணத் துண்டுகளாக வெட்டி வைப்போமே, தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் உள்ளே வைத்தது, அதுதான். கல்லாவில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தார்.

"இது மூணு முனையா கீதே! உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

வெள்ளைக்கார அம்மா "கீதே" என்றதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேங்காய் என்றேன். ஒன்று வாங்கித் தின்றார். இன்னொன்று வாங்கித் தின்றார். அப்புறம் டீ வாங்கிக்கொண்டு கதை சொன்னார்.

அவர்கள் பண்டிகையில் மூன்று முனைப் பலகாரம் ஒன்று உண்டு. வெந்த மாவுக்குள் கசகசாப் பூரணம். கெட்ட மந்திரி ஒருவன், பெயர் ஆமான். யூதர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் கொன்றுபோட ராஜாவிடம் உத்தரவு வாங்கிவிட்டான். ராணி எஸ்தரும் யூதப்பெண்தான். ஆனால் அது ராஜாவுக்குத் தெரியாது. கூப்பிடாமல் ராஜாவின் முன்னால் போனால் தலை போய்விடும். அவள் போனாள், பேசினாள், ஜனங்களைக் காப்பாற்றினாள். கெட்டவன் ஒழிந்தான். அவன் காதுதான் இந்தப் பலகாரமாம்.

"நரகாசுரன் செத்ததுக்கு நீங்க லட்டு துன்றீங்க இல்ல? அந்த மாதிரி," என்றார் ரூத் அம்மா.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கூப்பிடாமல் போய்ப் பேசிய அந்த ராணியையும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஏனென்றால் எங்கள் கடையில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

அவர் வீட்டில் சின்ன கரண்ட் அடுப்பு. ஒரு நேரத்தில் பதினெட்டுதான் வேகும், அதுவும் கரண்ட் இருந்தால். ஆனால் பண்டிகையின் சட்டமே கொடுப்பதுதானாம். வீட்டில் செய்து வைத்துக்கொண்டு தின்றால் போதாது, அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சென்னை, பாண்டிச்சேரி, பெங்களூரிலிருந்து அவருடைய ஜனங்களும் வருவார்கள்.

"நீங்க போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார்.

"தருவோம்," என்றேன். யாரையும் கேட்காமல் சொன்னேன்.

வாய் பிளந்த முதல் டிரே

கேட்டிருக்க வேண்டும். கடை என் மூத்தாருடையது. என் கணவரின் அண்ணன், பெயர் தணிகாசலம். டீ கிளாஸ் கழுவிச் சேர்த்த காசில் ஒற்றை ஆளாக அந்த அடுப்பைக் கட்டியவர். அவர் வைத்ததுதான் கடையில் சட்டம். ஆர்டர், சரக்கு, வெளி வேலை எல்லாம் என் கணவர். அடுப்படியில் மாஸ்டர் காதர் பாய், கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் பதினைந்து வருடம் ரொட்டி போட்டுவிட்டு வந்தவர். நான் கல்லா.

"பாய் ஒத்துக்கினா செய்யுங்க," என்று மூத்தார் விட்டுவிட்டார்.

பாய்க்கு ஒரே ஒரு கேள்விதான். "பன்னிக் கொழுப்பு கேப்பாங்களா?"

"அவங்களும் தொட மாட்டாங்களாம் பாய்."

"அப்போ ஜல்தி ஆரம்பிச்சிடலாம்," என்றார்.

மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல். கசகசாவை ஊறவைத்து அரைத்து, பேரீச்சையும் வெல்லமும் போட்டுக் கிளறிய பூரணம். அரைக்கும்போது வருகிற அந்த வாசனைக்கு எனக்கு இன்றும் பசி எடுக்கும். மாவை வட்டமாக வெட்டி, நடுவில் பூரணம் வைத்து, மூன்று பக்கமும் தூக்கி முனையைக் கிள்ளிவிட வேண்டும். நடுவில் பூரணம் கொஞ்சம் தெரிய வேண்டும். பாய் பரபரவென்று கிள்ளி டிரேயை அடுப்புக்குள் தள்ளினார்.

வெளியே வந்தபோது ஒன்று விடாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பூரணம் டிரேயில் வழிந்து கருகிக் கிடந்தது.

பாய் அடுத்த டிரே போட்டார். அதுவும் பிளந்தது. "இது பேஜாருமா," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கல்லாவிலிருந்து எழுந்து போனேன். எனக்கென்னவோ கிள்ளுவதே தப்பு என்று பட்டது. கீற்று முடையும்போது ஒன்றின் கீழ் ஒன்று போகுமே, அதுபோல முதல் பக்கத்தை மடித்து, இரண்டாவதை அதன்மேல் ஏற்றி, மூன்றாவதன் ஒரு முனையை முதலாவதன் அடியில் நுழைத்தேன். விரலில் தண்ணீர் தொட்டு மூலையை அழுத்தினேன். கால் மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுச் சுட்டோம். ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

பாய் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்சாம்மா, இனிமே மடிப்பு உன்னுது," என்றார். ஒரு மாஸ்டர் அப்படிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சாக்கில் அடுப்பறைக்குள் நுழைந்தவள்தான். பூரிம் முடிந்தும் நான் வெளியே வரவில்லை. பன்னுக்கு மாவு பிசைந்தேன், ரஸ்க் அடுக்கினேன், வர்க்கி போட்டேன். எந்த விறகு எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று பாயிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்தே மரத்துப்போயிருந்த கை அது. அந்த அனலில்தான் உயிர் வந்தது. மூத்தாருக்கு இது பிடிக்கவில்லை. "அனலு பொம்பளைக்கு ஆவாது," என்பார். ஆனால் தடுக்கவும் இல்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பூரணமும் அப்போது வந்ததுதான். இரும்பைக் குழந்தைகளுக்குக் கசகசா பிடிக்கவில்லை என்று ரூத் அம்மா வருத்தப்பட்டார். எங்கள் பக்கம் மல்லாட்டைக்குப் பஞ்சமா? வறுத்துப் பொடித்து வெல்லம் கலந்து வைத்தேன். "இது எங்க பண்டிகையில கிடையாதே," என்று முதலில் இழுத்தார். தின்று பார்த்துவிட்டு, "இனிமே கீது," என்றார்.

பஞ்சாங்கமும் பிறையும்

இனி அந்தப் பூட்டுக்கு வருகிறேன்.

முதல் வருடம் அவர்கள் பண்டிகை மாசி மகத்தை ஒட்டி வந்தது. இரண்டாம் வருடமும் அப்படியே. இரண்டு தடவையும் பௌர்ணமி. நான் காலண்டரைப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: பூரிம் என்றால் மாசி மகம்! இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "அவங்களும் நம்ம பஞ்சாங்கத்துப்படிதான் போறாங்க," என்று பெரிய பண்டிதை மாதிரி.

மூன்றாம் வருடம் தை மாதத்திலேயே ரூத் அம்மா வந்தார். தங்கை மகள் பிரசவத்துக்குப் போகிறேன், பண்டிகைக்கு முதல் நாள்தான் வருவேன், இந்தத் தடவை நானூறு வேண்டும், பண்டிகை அன்று காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு என்றார்.

"தேதி எழுதிக்க," என்று ஆரம்பித்தார்.

"தேதியெல்லாம் எனக்கே தெரியும். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க," என்றேன்.

"உனக்கே தெரியுமா!" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அப்போது நான் நாலடி உயரம் கூடியிருப்பேன்.

பாயிடமும் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "மொத வருசத்துக்கும் ரெண்டாவது வருசத்துக்கும் பதினோரு நாள் முன்னால வந்துச்சா? எங்க நோன்பும் அப்படித்தான், பிறைக் கணக்கு. வருசா வருசம் பத்து, பதினோரு நாள் முன்னால வரும். அப்போ இந்த வருசம் இன்னொரு பதினோரு நாளு முன்னால. நீ சொல்றது கரெக்ட்டுமா."

பஞ்சாங்கமும் சொன்னது, பிறையும் சொன்னது. இரண்டும் ஒரே நாளைக் காட்டின. அப்புறம் எதற்கு யாரைக் கேட்பது? பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

கடலுக்குப் போகிற வழியில்

பூட்டின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ரூத் அம்மாவுக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை.

"இன்னா பண்ணலாம்?" என்று கடைசியில் கேட்டார் என் கணவர்.

ஒரு மாதம் வைத்திருக்கிற பண்டம் இல்லை அது. வெண்ணெய் போட்டது. கடைக்குத் திரும்பக் கொண்டுபோய் மூத்தாரின் முன்னால் இறக்கவும் எனக்குக் கால் வரவில்லை.

"கடல் பக்கம் வுடுங்க," என்றேன்.

மாசி மகம் ஆயிற்றே. சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போகிற நாள். மேளமும் தூசியுமாக ரோடு முழுக்க ஜனம். கோட்டக்குப்பத்தில் காதர் பாய் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினோம். பாயின் சம்சாரம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் ஒரு அண்டா நிறைய மோர் கலக்கிக்கொண்டு வந்தார்.

நடந்து போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு காதும் ஒரு டம்ளர் மோரும் கொடுத்தோம். குடை பிடித்த பெரியவர், மொட்டை போட்ட குழந்தை, உடுக்கைக்காரர், பந்தோபஸ்து போலீஸ். "இன்னா பண்டம் தாயி இது?" என்று எல்லோரும் கேட்டார்கள். "காது," என்றேன். வேறு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மத்தியானத்துக்குள் டிரேக்கள் காலி.

கொடுப்பதுதான் பண்டிகை என்று ரூத் அம்மா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் திண்டிவனம் வரைக்கும் தாங்கவில்லை.

கல்லாவுக்குத் திரும்பினேன்

மூத்தார் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தம்மா தேதி சொல்ல வந்துச்சா?"

"வந்தாங்க மாமா."

"நீ வேணாம்ன?"

நான் தலையை ஆட்டினேன்.

"என்னிக்கிக் குடுக்கணும்னு தெரியாம பண்டம் சுடுற ஆளு அடுப்பாண்ட நிக்கக் கூடாது. நாளையிலிருந்து கல்லாவுல குந்து. அந்தக் காது இனிமே நம்ம அடுப்புல ஏறாது."

பாய், "நானும்தான் தலையாட்டுனேன்," என்று குறுக்கே வந்தார். மூத்தார் கையை உயர்த்தினார். முடிந்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. மறுநாள் கல்லாவில் உட்கார்ந்தேன். பின்னால் டிரே இழுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடத் தோன்றும். பன் வாசனையை வைத்தே பாய் இரண்டு நிமிடம் முன்னால் எடுத்துவிட்டார் என்று தெரியும். சொல்ல முடியாது. சில்லறையை எண்ணிக் கொடுப்பேன்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"அம்சா! நல்லா கீறியா? நான் முன்னாடியே வந்துட்டேன். பண்டிகைக்கு இன்னும் எட்டு நாளு கீது."

கடை முழுக்க ஆள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, மாசி மகம், மோர், எல்லாம். அப்புறம் ரூத் அம்மா மெதுவாகச் சொன்னார்.

"நாங்களும் சந்திரன் கணக்குதான். ஆனா ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தபா ஒரு மாசத்தக் கூட்டிக்குவோம். இல்லாங்காட்டி பண்டிகையெல்லாம் ஓடிப்போய் வேற பருவத்துல நிக்கும். இந்த வருசம் கூட்டுற வருசம், அதான் பங்குனிக்குப் போயிடுச்சி. நான் அழுத்திச் சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதான். நீ கஷ்டப்படாத அம்சா. நான் கடையில ஏதாச்சும் பிஸ்கட் பாக்கெட்டு வாங்கி வெச்சிக்கறேன்."

பிஸ்கட் பாக்கெட்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"பாக்கெட்டெல்லாம் வேணாம். நானூறு காது வரும். எந்தக் கிழமைன்னு சொல்லுங்க. தேதியும் சொல்லுங்க. மாசமும் சொல்லுங்க," என்றேன்.

சொல்லிவிட்டேன். அடுப்பு யார் கொடுப்பார்?

என் கணவர் அண்ணனிடம் போய்ப் பேசினார். அதுவே எனக்கு ஆச்சரியம். "ஒரு தபா சொன்னா சொன்னதுதான்," என்று பதில் வந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "விழுப்புரத்துல உன் தம்பி கடையில ஓவன் கீது இல்ல?" என்றார். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத மனிதர், எனக்காக அன்று தாண்டினார்.

விழுப்புரத்து ஓவன்

பண்டிகையன்று காலை ஆறு மணி பஸ். மடியில் கசகசாப் பூரணத் தூக்கு, காலடியில் மல்லாட்டைப் பூரணத் தூக்கு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது கண்டக்டர் வாசனை பிடித்து, "இன்னாக்கா, கல்யாணமா?" என்றார். "எனக்கும் அடுப்புக்கும்," என்று சொல்ல வாய் வந்தது. சும்மா இருந்துவிட்டேன்.

என் தம்பி குமாருக்கு விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் சின்ன டீக்கடை, பேக்கரி. அன்று அவனுடைய மாஸ்டருக்கு வார லீவு. டீசல் ஓவன், சூட்டைக் காட்டுகிற முள்ளு வைத்தது. நான் பழகியதெல்லாம் விறகு. முள்ளு காட்டியதை நம்பி முதல் டிரேயைத் தள்ளினேன். அடிப்பக்கம் கரியாகிப் போனது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பாய்க்குப் போன் போட்டேன்.

"முள்ள நம்பாதம்மா. கதவத் தொறந்து கைய உள்ள நீட்டு. எண்ணு. பத்துக்குள்ள சுட்டா ஜாஸ்தி. பதினஞ்சு வரைக்கும் தாங்குச்சின்னா டிரேய உள்ள வுடு. உனக்குத் தெரிஞ்சதுதான். பயத்துல மறந்துட்ட."

கையை நீட்டினேன். எட்டிலேயே சுட்டது. அணைத்தேன், காத்திருந்தேன், மறுபடி நீட்டினேன். பதினைந்து. டிரேயைத் தள்ளினேன். தம்பியின் மனைவி தேய்த்துக் கொடுக்க, தம்பி வெட்டிக் கொடுக்க, நான் மடித்தேன், சுட்டேன், எடுத்தேன். என்ன செய்வது என்று அந்த அறையில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எந்த டிரே, எந்தத் தட்டு, எத்தனை நிமிடம், எல்லாம் என் வாயிலிருந்துதான் போனது. பன்னிரண்டு மணிக்குள் மேஜை முழுக்கப் பொன்னிறத்தில் காதுகள் ஆறிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தன. நானே சொல்கிறேன், அவ்வளவு அழகு.

மூத்தார் வந்தார்

லோடு ஆட்டோவோடு என் கணவர் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே ஒரு பழைய பைக் வந்து நின்றது. மூத்தார்.

காலையில் கல்லா காலியாக இருப்பதைப் பார்த்து, "அம்சா எங்க?" என்று கேட்டிருக்கிறார். காதர் பாய்க்குப் பொய் சொல்ல வராது.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். மூத்தார் உட்காரவில்லை. மேஜை அருகே போய் ஒரு காதை எடுத்தார். மேலே பார்க்கவில்லை, கவிழ்த்து அடியைப் பார்த்தார். மாஸ்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். மூன்று மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினார். பாதியாக உடைத்து மோந்தார். நான் மாவுக் கையோடு அப்படியே நின்றேன். கூப்பிடாமல் ராஜாவின் முன்னால் போன ராணிக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

"எத்தினி பொளந்துச்சி?"

"ஏழு, மாமா. கருகினது ஒரு டிரே."

"புது ஓவன்ல."

"ஆமா மாமா."

அவர் திரும்பினார். என் தம்பி அவனுடைய கடைப் பெயர் போட்ட அட்டைப்பெட்டிகளை மடித்து, காதுகளை அடுக்க ஆரம்பித்திருந்தான். மூத்தார் அதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"குமாரு, அத நிறுத்து."

தம்பி கையை எடுத்துவிட்டான். போச்சு, நானூறையும் கொட்டப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் வெளியே போனார். பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒரு பொதியை அவிழ்த்துக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். எங்கள் கடைப் பெட்டிகள். திண்டிவனத்திலிருந்து கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நம்ம கைப் பண்டம் இன்னொருத்தன் பொட்டியில போவக் கூடாது," என்றார். பிறகு உட்கார்ந்து, தானே பெட்டி மடிக்க ஆரம்பித்தார்.

நானும் ஒரு பெட்டியை எடுத்தேன். சந்தோஷத்தில் பெட்டியைத் தலைகீழாக மடித்துவிட்டேன். "இதயாவது ஒழுங்கா மடி," என்றார்.

இரும்பைக்கு அவரும் வந்தார். மூங்கில் கேட் விரியத் திறந்திருந்தது. மரத்தடியில் பெரியவர் சின்னவர் எல்லோரும் வேஷம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் பண்டிகையில் அதுவும் வழக்கமாம். ரூத் அம்மா அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு ராணியாக ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஆடு மேய்க்கிற அந்த அம்மா வீட்டுக்குத்தான் முதல் பெட்டி போனது.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர் ஒரு காதைத் தின்றுவிட்டு மூத்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ கேட்டார்.

"இதச் செஞ்ச மாஸ்டர் நீங்கதானான்னு கேக்கறாரு," என்றார் ரூத் அம்மா.

மூத்தார் கையை விடுவித்துக்கொண்டார். "நான் கடக்காரன். எங்க மாஸ்டரு தோ நிக்குது, என் தம்பி பொண்டாட்டி," என்று என்னைக் காட்டினார்.

தாடிக்காரர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். கையெல்லாம் மாவு. பட்டுப்புடவை இல்லை, தலையில் பூ இல்லை. அன்று எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது மூத்தார் பைக்கை ரூத் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். வெயில் அலுப்பு என்றார். வழியில் கிளியனூரைத் தாண்டினோம். அப்புறம் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னார்:

"சேகரு, கல்லாவுக்கு வேற ஆளப் பாருடா."